காகிதத்து மகன்

எலியேசருக்கு இடது முழங்கால் ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போதே பிடித்துக்கொண்டது. பாஸ்ராவில் கோவேறு கழுதை உதைத்த கால். ஏரல் வந்து, அங்கிருந்து ஆற்றோரமாகவே ஒன்றரை மைல் கிழக்கே போனால் நாணல்விளை. சித்திரை வெயிலில் ஆறு கணுக்கால் அளவுக்கு வற்றிக் கிடந்தது. மணல் வறுசட்டி மாதிரி சுட்டது. காலையில் குடித்த கஞ்சி எப்போதோ தீர்ந்துபோய் வயிறு உள்ளே இழுத்தது. மேற்கே மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. மழை வராதா என்று ஆற்றங்கரை முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இடி இடிக்கக்கூடாதே என்று நினைத்துக்கொண்டு நொண்டியவர் அவர் ஒருவர்தான்.

அவர் வேலைக்கு ஊரில் பேர் கிடையாது. மூன்று வருஷம் பாஸ்ரா முகாம் ஆஸ்பத்திரியில் புண் கட்டியவர். திரும்பி வந்ததும் பாளையங்கோட்டை மிஷன் டாக்டரம்மா கூப்பிட்டு ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். ஜெர்மன் சண்டைக்குப் போய்ப் புத்தி கலங்கி வந்தவர்கள், களக்காட்டிலிருந்து ஏரல்வரை பதினோரு பேர். மாதம் ஒருதரம் வீடு வீடாகப் போகவேண்டும். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, சங்கிலி உரசிய இடத்தில் சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தூக்க மருந்து கொடுக்கவேண்டும். பேயோட்டுகிற கோடங்கி பிரம்பை எடுத்தால் தடுக்கவேண்டும். அண்ணன் தம்பிகளைக் கெஞ்சி ஒருவேளைச் சோற்றுக்காவது வழி பண்ணவேண்டும். மனு எழுதவேண்டும், எழுதிய மனுவோடு கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கவேண்டும். ஜனங்கள் அவரைப் ‘பைத்தியக்கார டிரஸர்’ என்றார்கள்.

இரக்கத்தினால் மட்டும் அவர் இந்த வேலையைச் செய்தார் என்று சொன்னால் அது பொய். அவர் தம்பி தேவசிகாமணியை ஒரு கிராம அதிகாரி இனிக்க இனிக்கப் பேசிப் பட்டாளத்துக்கு அனுப்பினான். தம்பி போனவன் போனவன்தான். ஆள் பிடித்துக் கொடுத்தவன் மேல்சட்டையில் இப்போது வெள்ளிக் கடிகாரம் தொங்குகிறது. எலியேசர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போவார். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் நடந்தால் முழங்காலைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார்.

பட்டியலில் கடைசிப் பேர்: ஆவுடைநாயகம், தகப்பன் பேர் சிவனணைந்தபெருமாள், கிராம முன்சீப், நாணல்விளை. தை மாதம் முதல் தடவை வந்தபோது நேரே முன்சீப் வீட்டுக்குத்தான் போனார். காரை வீடு. சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சனது தொங்கியது: சொந்த மகனையே சண்டைக்கு அனுப்பிய ராஜவிசுவாசத்துக்காக, சர்க்கார் முத்திரையோடு. முன்சீப் அதைக் காட்டினார். மகனுக்கு ஒரு நோவும் இல்லை, கொழும்பில் மளிகைக் கடையில் உட்கார்ந்திருக்கிறான், தேகம் கருங்கல் என்றார். பட்டியலில் ஏதோ பிசகு இருக்கும், பேரை அடித்துவிட்டுப் போம் என்றும் சொன்னார்.

எலியேசர் அடிக்கவில்லை. திரும்புகிற வழியில் தலையாரி சங்கிலிபூதத்தான் பின்னாலேயே வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “நீரு தேடுத ஆளு கொடிக்கால்ல கெடக்கான் வே. நான் சொன்னேன்னு சொல்லாதியும்” என்று கையைக் காட்டிவிட்டுக் குறுக்கே இறங்கிப் போய்விட்டான்.

வெற்றிலைக் கொடிக்காலின் வடக்கு ஓரத்தில் ஒரு ஓலைக்குடிசை. மண் சுவர். உள்ளே ஒருவன் வலது காலில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தான். சங்கிலியின் மறுநுனி ஆட்டுரலைச் சுற்றியிருந்தது. வாசலில் அவன் பெண்டாட்டி இசக்கியம்மா வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டதற்கு, “எங்க வீட்டுக்காரவிய” என்றாள். பேரைக் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை எந்தப் பெண்டாட்டி வாயால் சொல்லுவாள்? பக்கத்துக் கொடிக்காலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன்தான் அங்கிருந்தே, “தளவாய்” என்று சொன்னான். எலியேசர் அவனைத் தளவாய், தளவாய் என்று நாலுதரம் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் ஆட்டுரலையே பார்த்துக்கொண்டிருந்தான். எலியேசருக்கு என்ன தோன்றியதோ, பட்டியலை எடுத்து, ஆஸ்பத்திரியில் காலை எண்ணிக்கை எடுக்கிற குரலில் கடைசிப் பேரை வாசித்தார்.

அவன் சங்கிலியோடு எழுந்து நின்றான். குதிகால் இரண்டும் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. “ஹாஜர்” என்றான். அதோடு நம்பரையும் சொன்னான். பட்டியலில் இருந்த அதே நம்பர்.

இசக்கியம்மா அழவில்லை. அடுக்கியதை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். தாலுகாவில் ஆள் கேட்டு நெருக்கியபோது முன்சீப் பெருமைக்காகத் தன் மகன் பேரையே முதலில் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில் அவர் பெண்டாட்டி கிணற்றில் விழப்போனாள். மகனை இரவோடு இரவாகத் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றியாயிற்று. எழுதிக்கொடுத்த பேருக்கு ஒரு உடம்பு வேண்டும். கொடிக்காலில் சேறு வாரிக்கொண்டிருந்த தளவாய்க்கு நல்ல உடம்பு. திரும்பி வந்ததும் வடக்குக் கொடிக்கால் உனக்குத்தான் என்றார் முன்சீப். மூன்று நாள் தன் முற்றத்திலேயே நிற்கவைத்துப் பழக்கினார். தளவாய் என்று கூப்பிட்டுத் திரும்பினால் தலையாரி பிரம்பால் பிட்டத்தில் ஒன்று வைப்பான். ஆவுடைநாயகம் என்றால் ஹாஜர் சொல்லவேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் பிசகவில்லை. பிறகு இரண்டு வருஷம் வேறு தேசத்தில் அந்தப் பேருக்குத்தான் ரொட்டி கொடுத்தார்கள், அந்தப் பேருக்குத்தான் உதைத்தார்கள், அந்தப் பேரைச் சொல்லித்தான் குண்டு விழுகிற இடத்துக்கு அனுப்பினார்கள்.

தாலுகாவில் எலியேசர் விசாரித்தபோது அடுத்தது தெரிந்தது. தளவாய் என்கிறவன் போன ஐப்பசியில் விஷக்காய்ச்சலில் செத்துப்போனதாக முன்சீப் எழுதும் ஜனன மரணக் கணக்கில் இருந்தது. அந்த மாதம் நாணல்விளையில் நாற்பத்தாறு சாவு. நாற்பத்தேழாக எழுதினால் யாருக்குத் தெரியும்? ஆள் எங்கே என்று என்றைக்காவது ஒரு கேள்வி வந்தால் பதில் தயாராக இருக்கவேண்டுமே. சாவு சொன்னவர்: பெண்சாதி இசக்கி. பக்கத்தில் பெருவிரல் ரேகை. பட்டாளத்திலிருந்து கடுதாசி வர ஏற்பாடு என்று தலையாரி சொல்லி, அவள் கையை மையில் உருட்டியிருந்தான். புருஷன் கடுதாசிக்கு என்று சந்தோஷமாக விரலைக் கொடுத்தவள் அவள்.

இது அவருடைய நாலாவது நடை. மறுநாள் வெள்ளிக்கிழமை ஏட்டு வண்டியோடு வருகிறார், தளவாயைப் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்போகிறார்கள் என்று தலையாரிதான் ஆள் சொல்லி அனுப்பியிருந்தான். அந்தத் தலையாரிக்கு இப்போது தூக்கம் வருவதில்லையாம்.

குடிசைக்கு வந்து சேர்ந்தபோது இசக்கியம்மா கொடிக்காலில் இருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் அடியில் கிடந்தது. குனிந்து குடத்தில் மோந்து, இடுப்பில் ஏற்றாமல் அப்படியே வீசிக் கொடிகளின் அடியில் ஊற்றிக்கொண்டு போனாள். ஆண்கள் செய்கிற வேலை. புருஷன் வேலையைத் தான் செய்யாவிட்டால் குடிசையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். கடைசிப் பாத்திவரை ஊற்றிவிட்டுத்தான் வந்தாள். பழைய சோற்றைப் பிழிந்து, கருவாட்டைச் சுட்டு வைத்தாள். மூன்று பேருக்கு இரண்டு பேர் சோறு. தளவாய் தன் பங்கில் பாதியை உருட்டிக் கோவணத் துணியில் முடிந்துகொண்டான்.

“நாளைக்குக் கெடைக்குமோ என்னமோன்னு முடிஞ்சு வைக்காவ” என்றாள் இசக்கியம்மா. “அங்கன அப்படிப் பட்டினி போட்டானுவளோ?”

போட்டார்கள் என்றார் எலியேசர்.

பொழுது சாய மழை வந்தது. முதல் இடி எங்கோ மேற்கே இடித்தது. தளவாய் தலையைத் தூக்கினான். இரண்டாவது இடிக்குள் அவன் பின்பக்கம் போய்விட்டான், ஆட்டுரலையும் இழுத்துக்கொண்டு. மண்வெட்டியை அவள் கூரையில் ஒளித்துவைத்திருந்தாள். அவன் சிரட்டையால் தோண்டினான். கொடிக்காலில் பத்து வருஷம் சேறு வெட்டிய கை. நெஞ்சளவு பள்ளம் ஏற்கெனவே சுவரை ஒட்டி ஓடியது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம் நீண்டுகொண்டிருந்தது. சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு. அடுத்த இடிக்கு அவன் இசக்கியம்மாவின் கையைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இழுத்து, அவள் தலையைத் தன் நெஞ்சுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான். பிறகு எலியேசரைப் பார்த்துக் கையை ஆட்டினான், வாரும் வாரும் என்று. எலியேசர் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி அவரும் இறங்கினார். மூன்று பேரும் சேற்றில் கிடந்தார்கள்.

அவன் நெஞ்சுக்கு அடியிலிருந்து இசக்கியம்மா பேசினாள். “ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான் அண்ணாச்சி. ஊருல பைத்தியங்காவ. எனக்கு இவிய அமுக்கிப் பிடிக்கையில புத்தி சரியா இருக்குதுன்னுதான் தோணுது. நாளைக்கு வண்டியில ஏத்திட்டா இவிய யாரப் பிடிச்சு அமுக்குவாவ?”

எலியேசர் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னார். மேலே மனு போட்டு உண்மையைச் சொல்லலாம். ஆனால் பொய்ப்பேரில் பட்டாளத்தில் சேர்ந்ததற்கு முதலில் விலங்கு மாட்டுவது தளவாய்க்குத்தான். நாளைக்கு வருகிற உத்தரவில் ஒரு வரி உண்டு. சொந்தக்காரர் யாராவது சோறு போட்டுக் காப்பாற்றுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விட்டுவிடலாம். அவள் போட முடியாது. அவள் புருஷன் செத்துப்போனவன். இவன் ஆவுடைநாயகம்.

“ஆவுடைநாயகத்துக்குச் சொந்தக்காரங்க யாரு?” என்று கேட்டாள்.

“தகப்பன்.”

மழைச் சத்தத்தில் முதலில் அவருக்கு விளங்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு தடவை வந்ததில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை.

“மவன் அப்பன் வீட்டுல இருக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கா அண்ணாச்சி?”

நோயாளிகளுக்கு முன்னால் சச்சரவு கூடாது, கிளர்ச்சி கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எலியேசர் கண்ணில் வழிந்த சேற்றைத் துடைத்துக்கொண்டு, “இல்ல” என்றார். தம்பியின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை முன்சீப் வீட்டு முற்றத்தில் ஏட்டு ஷேக் மைதீன் நாற்காலியில் உட்கார்ந்து பதநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேலப்பாளையத்துக்காரர். நெட்டையான மனிதர். ஓலைப் பட்டையில் முகம் புதைத்துக் குடித்துவிட்டு மீசையைத் துடைப்பார், மறுபடி குடிப்பார். முன்சீப் எழுதிய மனு மடியில் இருந்தது: பேரும் ஊரும் தெரியாத பைத்தியம் ஒன்று கொடிக்காலில் திரிகிறது, ஆதரவு இல்லை, ஊருக்கு ஆபத்து.

இசக்கியம்மா புருஷனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சங்கிலியைக் கழற்றி, குளிப்பாட்டி, பெட்டியிலிருந்த காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தாள். பின்னால் எலியேசர். அவருக்கும் பின்னால், வேலையை விட்டுவிட்டுக் கொடிக்கால் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர்.

முன்சீப் ஏட்டிடம், இதுதான் அந்த ஆள், ஏற்றிக்கொண்டு போங்கள் என்றார்.

எலியேசர் பட்டியலை விரித்தார். உரக்க வாசித்தார். “சிப்பாய் ஆவுடைநாயகம்.”

“ஹாஜர்.” நம்பரும் வந்தது. பிசகில்லை.

ஏட்டு பதநீர்ப் பட்டையைக் கீழே வைத்தார். பட்டியலை வாங்கி விரலால் ஒவ்வொரு எழுத்தாக நம்பரைப் பார்த்தார். தகப்பன் பேரையும் பார்த்தார். பிறகு முன்சீப்பைப் பார்த்தார்.

“பேரும் ஊரும் தெரியாத பைத்தியம்னு எழுதியிருக்கீரு. பெத்த மவன் பேரு தெரியலையாவே உமக்கு?”

“எம் மவன் கொழும்புல இருக்கான் ஏட்டையா.”

“அப்போ சண்டைக்குப் போனது யாரு? சுவத்துல கண்ணாடி போட்டுத் தொங்குதே, அது யாரை அனுப்பினதுக்கு?”

முன்சீப் சனதைத் திரும்பிப் பார்த்தார். அது அன்றைக்கென்று பளபளவென்று இருந்தது. முன்சீப்புக்கு வேர்த்தது. அவசரத்தில் வாய் முந்திக்கொண்டது.

“இவன் கொடிக்கால் கூலி ஏட்டையா. தளவாய். இந்தா நிக்காளே, இவ புருசன்.”

இசக்கியம்மா அதற்குத்தான் காத்திருந்தாள். ஒரு அடி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், அடுப்படியில் தனியாக இருக்கும்போதுகூட அவள் நாக்கில் வந்திராத அந்தப் பேரை ஊர் கேட்கச் சொன்னாள்.

“தளவாய் செத்துப்போனாரு.”

கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“போன ஐப்பசியில காய்ச்சல்ல செத்துப்போனாரு. நீருதான எழுதினீரு? எங்கைய உருட்டிச் சாவு சொல்ல வச்சீரே, மறந்துபோச்சா? கணக்கைக் கொண்டாரச் சொல்லும், ஏட்டையா பாக்கட்டும். நான் அறுதலி. இவிய யாருன்னு எனக்குத் தெரியாது. உம்ம பேரச் சொல்லிக்கிட்டு, உம்ம மவன்னு சர்க்கார் காயிதத்தோட வந்து நிக்காவ. சோறு போடும்.”

அவள் பேசும்போது புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து கேட்டாலாவது அந்தப் பேருக்குத் திரும்புவான் என்று நினைத்தாளோ என்னமோ. அவன் திரும்பவில்லை. குதிகால் சேர்ந்திருந்தது. கண் முன்சீப் வீட்டு நிலைக்கு மேலே எதையோ பார்த்தது.

ஏட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு சட்டம் பேசினார். முன்சீப்புக்கு இரண்டு வழி. இது என் மகன் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் சனது பொய், மரணக் கணக்கு பொய், அதற்கு ஜெயில். மகன்தான் என்றால் உத்தரவில் கையெழுத்து: வேளாவேளைக்குச் சோறு போடுவேன், சங்கிலி போடமாட்டேன், அடிக்கமாட்டேன்.

“பெத்த பாசம் வே. கையெழுத்துப் போடும்” என்று மைக்கூட்டை நகர்த்தினார்.

முன்சீப் போட்டார். நிப்பு காகிதத்தைக் கிழித்தது. தலையாரி சங்கிலிபூதத்தான் சாட்சியாகத் தன் பெருவிரலை உருட்டினான். யாரும் கேட்காமலே இரண்டுதரம் உருட்டினான்.

மத்தியானம் முன்சீப் பெண்டாட்டி முற்றத்தில் இலை போட்டாள். புழுங்கலரிசிச் சோறு, புளிமுளக் குழம்பு, கத்தரிக்காய்த் துவட்டல். இலைக்கு முன்னால் நின்று கையைப் பிசைந்தாள். என்ன சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் மகன் பேரைச் சொன்னால்தான் இவன் வருவான். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுதுகொண்டே சொன்னாள். அவன் ஹாஜர் என்று வந்து உட்கார்ந்து தின்றான். பாதிச் சோற்றை உருட்டி முடிந்துகொண்டான்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பொழுது உச்சிக்கு வரும்போது இசக்கியம்மா புருஷனைக் கொண்டுவந்து விடுவாள். தான் ஒரு பருக்கை தொடமாட்டாள். அவன் தின்று முடிக்கும்வரை முற்றத்தில் நின்று முன்சீப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கூட்டிப்போவாள். கொழும்பிலிருந்து மகன் தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதினான். வராதே என்று முன்சீப் பதில் எழுதினார். ஊரில் ஏற்கெனவே ஒரு ஆவுடைநாயகம் இருக்கிறான். இரண்டாவது ஒருவன் வந்து இறங்கினால் கணக்கு இடிக்கும். அந்த அம்மா மகன் முகம் பார்த்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. அவள்மேல் எலியேசருக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. இசக்கியம்மாளுக்கு அதுவும் இல்லை.

டாக்டரம்மாளுக்கு எழுதுகிற மாத அறிக்கையில் எலியேசர், ‘குடும்பத்தின் ஆதரவு கிடைத்துவருகிறது. நோயாளி முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்’ என்று எழுதினார். இரண்டும் உண்மை.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. இடி பகலில்தான் இடித்தது, பகலில் தளவாய் முன்சீப் முற்றத்தில் இருந்தான். சங்கிலி போடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தாயிற்று. முன்சீப் வீட்டில் மண்வெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று நாளில் காரை வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, மார்பளவு ஆழத்தில் நேர்த்தியான பள்ளம். தண்ணீர் உள்ளே வாங்கி நெற்குதிரின் அடி நனைந்தது. சுவரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சனது தொங்கிய ஆணி விட்டுப்போய்க் கண்ணாடி நொறுங்கியது. இடி இடிக்கும்போதெல்லாம் அவன் முன்சீப்பையும் கையைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இழுத்தான். முன்சீப் என்றுதான் இல்லை, யார் பக்கத்தில் இருந்தாலும் இழுப்பான்.

அந்த மாத நடையில் எலியேசர் வந்தபோது முன்சீப் வேட்டியெல்லாம் சேறாக ஆற்றங்கரைவரை வந்து காத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். இவனைப் பட்டணத்துக்கு அனுப்பிவிடும், வண்டிச் சத்தம் நான் கொடுக்கிறேன் என்றார். அனுப்பலாம், தகப்பன் கையெழுத்து வேண்டும், பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் மகன் பேர் ஏறும், பரவாயில்லையா என்று எலியேசர் கேட்டார். முன்சீப் அப்புறம் குரல் இறங்கிக் கேட்டார்.

“அவளுக்கு என்னதான் வே வேணுமாம்? வடக்குக் கொடிக்கால எழுதிக் குடுத்திருதேன். கேட்டுச் சொல்லும்.”

எலியேசர் குடிசைக்குப் போய்க் கேட்டார். இசக்கியம்மா நனைந்த வெற்றிலையைத் துணியில் ஒற்றி ஒற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். தளவாய் அவள் பக்கத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தான். அவள் நிமிரவில்லை.

“கொடிக்கால் அவரே வச்சுக்கிடட்டும். செத்துப்போனாருன்னு எழுதின கையால சாவலன்னு எழுதச் சொல்லும்.”

“எழுதினா அவரு ஜெயிலுக்குப் போவணும்.”

“பைய யோசிச்சு எழுதட்டும். நான் ஒண்ணும் அவசரப்படுத்தல. அதுவரைக்கும் சோறு போடட்டும்.”

அவள் அடுக்கை மடித்துக் கட்டினாள். வெளியே எங்கோ உறுமியது. தளவாயின் கை காம்பில் நின்றது. அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். அந்தப் பேரை அவள் ஒரே ஒருதரம்தான் சொல்லியிருக்கிறாள், அதுவும் செத்துப்போனான் என்று. வாயை மூடிக்கொண்டு அவன் தோளைத் தொட்டாள்.

எலியேசர் ஈர மணலில் ஊன்றி ஊன்றித் திரும்பி நடந்தார். முன்சீப் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எலியேசர் நிற்கவில்லை. போகிற போக்கில் சொன்னார்.

“சோறு வந்துக்கிட்டு இருக்காம். பாக்கி ஒண்ணே ஒண்ணுதானாம். தளவாய்ங்கிற பேரு.”